சாலரியும் வேஜஸும்

'சாலரி', 'வேஜஸ்' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களையும் 'ஊதியம்' என்றே பெயர்த்துவிடுவது நம்மிடையே பெருவழக்காகிவிட்டது. ஆயினும் அவை ஒன்றல்ல. திங்கள்தோறும் வரையறுத்த தொகையாக வருவது சாலரி. நாளுக்கோ, மணிக்கோ, செய்து முடித்த வேலைக்கோ கணக்கிட்டுத் தருவது வேஜஸ். சம்பளம், கூலி என்று நம் பேச்சுவழக்கு இவற்றைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது.

சொற்பிறப்பு இன்னும் சுவையானது. சாலரிக்கு மூலமான 'சாலாரியம்' என்னும் இலத்தீன் சொல், உப்பைக் குறிக்கும் 'சால்' என்பதன் அடியாகப் பிறந்தது. உரோமப் படைவீரர்க்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்பது மேடைப்பேச்சு. அதற்குப் பழஞ்சான்று கிடையாது. சொல்லுறவு மட்டும் மெய். வேஜஸோ, பிணைப்பொருளைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. நம் 'சம்பளம்' என்பதையும் சம்பா நெல், அளம் என்னும் உப்பு எனப் பிரித்துக் காட்டுவோர் உண்டு. வழியுணவைக் குறிக்கும் வடசொல்லோடு இணைப்போரும் உண்டு. எவ்வாறாயினும், உப்பை நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்கப் பாடல்கள் நன்கறியும்.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் ஆய்வாளர். அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் உப்பளப் பாத்திகளைக் கண்டிருப்பீர்கள். வெயிலில் நின்று உப்பு வாருவோர் பெறுவது கூலி. உப்பின் பெயரைத் தாங்கிய சாலரியோ, உப்பளத்தில் கால் வைக்காத என் போன்றோர்க்கு வருகிறது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். அதே மழைக்காகக் கல்லூரிக்கு விடுமுறை விட்ட நாள்களில் என் சம்பளத்தில் ஒரு காசும் குறைந்ததில்லை. மழையின் இழப்பை யார் தாங்குவது என்பதே இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வேலையில்லாக் காலத்திற்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ.5,000 வழங்கப்படும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல செயல்தான். ஆனால் அத்தொகைக்குச் சாலரி என்றும் பெயரில்லை, வேஜஸ் என்றும் பெயரில்லை. நிவாரணம் என்று பெயர். சம்பளம் உரிமையாக வருகிறது. நிவாரணம் இரக்கத்தால் வருகிறது. மூன்று மாத மழையை உரிமையோடு கடக்க உதவும் ஒரு சொல், உப்பு விளைவிப்பவருக்கு இன்னும் வாய்க்கவில்லை.