கரையில் கவிழ்ந்திருக்கும் பரிசல்கள்

ஓசூர்ப் பக்கம் குடியிருக்கும் சகோதரிகளுக்கு விடுமுறை வந்தால் ஒரே கவலை, "குழந்தைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?" என்பதுதான். வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. கிடைப்பது ஒரு நாள். பெங்களூருக்குப் போனால் பாதி நாள் வண்டி நெரிசலிலேயே போய்விடும். கிருஷ்ணகிரி அணையையோ பல தடவை பார்த்தாயிற்று. ஆகவே கட்டுசாதத்தைக் கட்டிக்கொண்டு தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காட்டுப் பாதையில் ஒகேனக்கல்லுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். யானை நடமாடும் காடு என்பதால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது நல்லது.

கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. பெயர்க் காரணம் நம் எல்லைப்புறத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அருவியைப் பற்றியும் எழுதாதவர்கள் இல்லை. நான் சொல்ல வந்தது பரிசல் துறையைப் பற்றி.

ஊட்டமலை, சின்னாறு, கோத்திக்கல், மாமரத்துக்கடவு என்று ஆற்றோரம் பல இடங்களின் பெயர்கள் காதில் விழும். துறை என்றதும் கல் படிக்கட்டும் இரும்புச் சங்கிலியும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாறையும் மணலும் கலந்த கரை, அவ்வளவுதான். அங்கே பெரிய பெரிய ஆமைகள் வெயில் காய்வது மாதிரி பரிசல்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கும். வெளிநாடுகளில் ஏரிக்கரை வீடுகளில் இருப்பவர்கள், பொதுத் துறையில் யார் படகு எங்கே நிற்பது என்பதற்குத் தனியாகச் சட்டதிட்டமே போட்டுக்கொள்கிறார்களாம். படகை அடுக்க இரும்புத் தட்டு, தூக்கி நிறுத்த இயந்திரம் எல்லாம் உண்டு. இங்கே பரிசலை வைக்க ஒரு ஆள் போதும். தலைமேல் குடை மாதிரி கவிழ்த்துக்கொண்டு நடந்து வந்து இறக்கிவிடுவார்.

ஏன் கவிழ்க்க வேண்டும்? அண்டாவைக் கழுவி நாம் ஏன் கவிழ்த்து வைக்கிறோமோ அதே காரணம்தான்! பரிசல் என்பது மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடை. சுமார் 7 அடி அகலம். முன்பெல்லாம் வெளிப்புறம் தோல் போர்த்துவார்கள். பிறகு பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்துவிட்டன. உள்ளே தண்ணீர் தங்கினால் மூங்கில் உளுத்துப்போகும். கவிழ்த்தால் நீர் வடியும், காற்றுப் படும். அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரிவதால் எங்கே தார் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து ஒட்டுப் போடலாம். இந்த யுக்தி நமக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டிலும் வட்டப் பரிசலை முதுகில் கவிழ்த்துச் சுமந்துதான் வீட்டுக்குப் போவார்கள். ஈராக்கின் டைக்ரிஸ் ஆற்றிலும் முன்பு தார் பூசிய கூடைப் படகு இருந்தது.

ஆனால் எல்லாப் பரிசலும் ஒன்றாகக் கவிழ்ந்து, கரையில் மேடாகப் பார்த்து ஏற்றப்பட்டிருந்தால் அர்த்தம் வேறு. ஆறு பெருகுகிறது!

மேலே கர்நாடகத்தில் கபினியிலும் கே.ஆர்.எஸ். அணையிலும் தண்ணீர் திறந்தால் அது இங்கேதான் வந்து சேர வேண்டும். (கே.ஆர்.எஸ். என்பது மைசூர்ப் பக்கத்து கிருஷ்ணராஜசாகர். நம் கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணை தென்பெண்ணையில் இருக்கிறது. பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.) வருகிற நீரை ஒகேனக்கல்லுக்கு மேலே, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் அளக்கிறார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னதே, அந்தக் கணக்கும் இங்கேதான். அளவு கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். 2018, 2019, 2024 ஆண்டு வெள்ளங்களில் நாள்கணக்கில் பரிசல்கள் கரையிலேயே கிடந்தன. ஓட்டிகளுக்கு அன்றாடக் கூலி போச்சு. மீன் வறுத்துத் தரும் பெண்கள், எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் எல்லோர் வீட்டு அடுப்பும் ஆற்றைத்தான் நம்பியிருக்கிறது.

இந்த மாதிரி நாளில் நம்மவர்கள் சிலர், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், கிட்டத்திலேயே ஒரு சுற்று விடுங்களேன்" என்று கூடப் பணம் நீட்டுவார்கள். வேண்டவே வேண்டாம். கூலி இல்லாத வீட்டு மனிதரிடம் ஆசை காட்டுவது பாவம். 2015 ஏப்ரலில் பரிசல் கவிழ்ந்து ஆறு பேர் இறந்தது இதே ஊரில்தான்.

பரிசல் ஓடும் நாளிலும் தாய்மார்கள் கண் வைக்க வேண்டியவை உண்டு. உரிமம் உள்ள ஓட்டியா என்று கேளுங்கள். மிதவை உடுப்பு எல்லோருக்கும் வேண்டும். பெரியவர் உடுப்பைச் சின்னப் பையனுக்கு மாட்டினால் தண்ணீரில் உடுப்பு மேலே வரும், பிள்ளை நழுவிவிடுவான். தோள் பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது அவனுக்கு ஆகாது. குழந்தைக்குச் சரியான அளவு கிடைக்காவிட்டால் கரையிலிருந்தே அருவியைக் காட்டுங்கள். கைக்குழந்தைக்காரிகள் ஏறாமலிருப்பதே மேல். எல்லோரும் ஒரே பக்கம் சாயக்கூடாது. போட்டோவுக்காக எழுந்து நிற்கக்கூடாது. நடு ஆற்றில் ஓட்டி, "சுத்திக் காட்டட்டுமா, அக்கா?" என்று துடுப்பைத் திருப்புவார். பிள்ளைகள் "ஆமாம், ஆமாம்" என்று குதிக்கும். "வேண்டாம் தம்பி, நேரா போ" என்று சொல்லிவிடுங்கள்.

மாற்றுத் துணி இரண்டு செட் கொண்டுபோங்கள். வறுத்த மீனைச் சவாரி முடிந்து கரையேறிய பிறகு வாங்கிக் கொடுங்கள். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஏறினால் அந்தத் தள்ளாட்டத்தில் குமட்டும்.