பாலத்தின்மேல் கனத்த ஸ்டியரிங்

சென்ற மார்கழியில் ஓர் இரவு, மூச்சுத் திணறிய என் மனைவியைத் தங்கச்சிமடத்திலிருந்து இராமநாதபுரத்திற்குக் காரில் கொண்டு சென்றேன். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றிருந்த வண்டிகளை விலகி மெல்லத் திருப்பியபோது ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முகப்பு விளக்குகளும் மங்கின. இரு கைகளாலும் இழுத்து ஓட்டினேன். மண்டபம் வருமுன் எல்லாம் தாமே சரியாயின. அவளும் பிழைத்துக்கொண்டாள்.

பட்டறைக்குச் சென்றால் பழுது ஒளிந்துகொள்ளும். ஸ்டியரிங் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். நான் அவசரப்பட்டுப் புது பேட்டரி வாங்கினேன். பணம் போனதே மிச்சம்.

இறுதியில், விசைப்படகுகளுக்கு மின்வேலை பார்க்கும் முதியவர் ஒருவர் வந்தார். இயந்திரம் ஓடுகையில் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை வண்டியின் உடலிலும் வைத்து, “ஸ்டியரிங்கைத் திருப்புங்கள் ஐயா” என்றார். அரை வோல்ட்டுக்கும் மிகக் குறைவாய் இருக்கவேண்டியது 2 வோல்ட்டைத் தொட்டது! எர்த் கம்பியின் போல்ட்டைக் கழற்றினார். அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

வண்டி சும்மா நிற்கையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும்; குறை தெரியாது. மெல்லத் திருப்புகையில் மோட்டார் 40 ஆம்பியர் இழுத்தால், 0.05 ஓம் தடையே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். மின்னழுத்தம் தாழ்ந்ததும் கட்டுப்பாட்டுக் கருவி உதவியை நிறுத்துகிறது. சுமை குறைந்ததும் அழுத்தம் மீள்கிறது. பழுதின் கண்ணாமூச்சி இதுவே.

1914-இல் திறந்த பழைய இரயில் பாலத்தின் இரும்பையே அரித்த உப்புக்காற்றுக்கு என் போல்ட் எம்மாத்திரம்? உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். கூலியாகத் தேநீர் மட்டுமே ஏற்றார்.