58-இல் சிவப்பு

மாரியூரில் பூவேந்தியநாதர் கோயிலையும் கடலையும் முதுகில் விட்டு வடக்கே போனால் சாயல்குடி. அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினால் ஏர்வாடி, கீழக்கரை, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று போய், நிலம் தீருமிடம் அரிச்சல்முனை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை இந்த வழியில் கிழக்கே போகப் போக வானிலை அறிக்கையின் பிடி இறுகும். மாரியூருக்கு வரும் பஸ் மழைக்காக நிற்பது அபூர்வம். அரிச்சல்முனையில் கடல் கொஞ்சம் சீறினாலே வழியை அடைத்துவிடுவார்கள்.

கேட்கிறவர்களும் பலவிதம். 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று செய்தி வந்தால் நாட்டுப்படகுக்காரர் வயிற்றில் புளியைக் கரைக்கும். படகை மேட்டுக்கு இழுக்க ஆள் தேட வேண்டும். கரையை விட்டு உள்ளே இருக்கும் சம்சாரிக்கு அதே செய்தி பால் வார்க்கும். மானாவாரி நெல்லும் முண்டு மிளகாயும் வானத்தை நம்பி நிற்கிற மாவட்டம் இது. புயலென்று ஒன்று வராவிட்டால் பல கண்மாய்கள் தரை தெரியக் கிடக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்திகளின் பருவம் முன்பே முடிந்திருக்கும். ராமேஸ்வரத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்தவருக்கு மட்டும் ஒரே கேள்வி: வண்டி பாம்பன் பாலத்தைத் தாண்டுமா?

ஏர்வாடியும் கீழக்கரையும் கடந்துவிடலாம். ஆனால் இந்தக் கரையைச் சொல்லும்போது 2020 டிசம்பரின் புரெவியைச் சொல்லாமல் போக முடியாது. 2ஆம் தேதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய அது, மறுநாள் மன்னார் வளைகுடாவில் இறங்கிப் பாம்பனை நெருங்கியது. அடி இங்கேதான் என்று ஊரே காத்திருந்தது. அதுவோ ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக இளைத்து, ராமநாதபுரம் கரையருகே ஒரு நாளுக்கு மேல் அசையாமல் கிடந்தது. கொட்டித் தீர்த்தது தொலைவில்: 4ஆம் தேதிக் கணக்கில் கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34. சுழலின் வடகிழக்குப் பக்கம் வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிவந்த காற்று டெல்டாக் கரையில் குவிந்ததன் விளைவு அது. தொலைக்காட்சி வரைபடத்தில் கோட்டின் முனை எந்த ஊரில் முட்டுகிறது என்று மட்டும் பார்க்கிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

ராமநாதபுரம் ரயில் நிலையத்தில் அறிக்கை பயணத் திட்டமாகிறது. பாலம் மூடினால் ராமேஸ்வரம் போகவேண்டிய வண்டி இங்கோ மண்டபத்திலோ நின்றுவிடும், மிச்சம் பஸ்ஸில். இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கும்வரை எல்லா நாளும் அப்படித்தான் போனார்கள்.

பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருக்கிறது. மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் சிவப்பாகும். வானிலைத் துறையின் அளவுகோலில் 62 வந்தால்தான் புயல், அப்போதுதான் பெயர். ஆக பெயர் கிடைக்காத ஒரு தாழ்வு மண்டலமே, சில நாள் வெறும் வாடைக்காற்றின் ஒரு வீச்சே, ரயிலை நிறுத்தப் போதும். துறை சொல்வது சுழலின் மையத்தருகே நீடித்து அடிக்கும் காற்றை. கருவி பார்ப்பது அந்த நிமிடம் பாலத்தில் அடிப்பதை. அதனால் 'புயல் கரையைக் கடந்தது' என்ற செய்தியை நம்பி மண்டபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பதில் பயனில்லை. 1988இல் திறந்த சாலைப் பாலம் அருகிலேயே இருப்பது பெரிய ஆறுதல்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதும் இதே காலத்தில்தான். எண்கள் 1 முதல் 11 வரை. 3 என்றால் துறைமுகத்தைப் பலத்த காற்று தாக்கலாம். 10 என்றால் கடும் புயல் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. எனக்குப் பத்தைவிடப் பதினொன்றில்தான் பயம்.

ராமேஸ்வரத்தில் கூண்டும் உதவாத நாள் ஒன்று உண்டு. 2024 நவம்பர் 20 அன்று புயலே இல்லை. ஒரு சிறு பரப்பின் மேல் மேகக் கூட்டம் நகராமல் நின்று 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நாலைந்து நாள் முன்னதாகப் புயலின் பாதையைச் சொல்லத் தெரிந்த கணினி மாதிரிகளுக்கு, ஒரு தீவின் மேல் சில மணி நேரம் நிற்கிற மேகம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அதற்கு ராடாரைப் பார்த்துக் கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் சொல்வதுதான் வழி. அந்த நேரத்துக்குள் பயணி பாதி வழியில் இருப்பார்.

முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால், தனுஷ்கோடி வழியே அரிச்சல்முனைவரை 2017இல் திறந்த சாலை, இருபக்கமும் கடல். 1964 டிசம்பர் 17 அன்று அந்தமான் பக்கம் உருவான தாழ்வு மண்டலம் புயலாகி, 22ஆம் தேதி வவுனியா வழியே இலங்கையைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடிக்கு வந்தது. ஐந்து நாள் பயணம் செய்த புயல் அது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சருக்கு, தனுஷ்கோடியை எட்டும் நேரத்தில் சிக்னல் கிடைக்கவில்லை. நின்ற வண்டி மெல்ல நகர்ந்தது. அலை வந்து வண்டியோடு நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் போயின, பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலம் மீண்டது. தனுஷ்கோடிக்கு ரயில் மீளவில்லை.

அந்தப் பாதையை மீண்டும் போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். என்றைக்காவது வேலை தொடங்குமானால், பாம்பனில் இருப்பதுபோல் காற்றை அளக்கும் கருவியை மட்டும் இங்கே நட்டுவிட்டுப் போவதை நான் ஒப்பமாட்டேன். 653ஐக் கொண்டுபோனது தண்ணீர். கடல்மட்டம் ஏறும்போதே சிவப்பு விழுகிற கருவி எங்கே இருக்கும், கம்பி அறுந்தாலும் அந்தச் சிவப்பு ஓட்டுநருக்கு எப்படித் தெரியும் என்பதைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்வேன்.