ஜூன் வருவதற்குள்

ஏப்ரல் 9
ஆலோசகராக நான் போய்வரும் குழந்தைகள் இல்லத்தில் மூத்தவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வார்டன் போன் செய்தார். (பெயரை இந்த நோட்டிலும் எழுதப் போவதில்லை.) நான் திருமயம் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து, சின்னப் பையன் ஒருவனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "நான் போயிட்டா இவனுக்கு யாரு தைப்பா?" அதற்குமேல் பேச்சில்லை.

ஏப்ரல் 10
தூக்கமில்லை.

ஏப்ரல் 17
கோப்பைப் புரட்டினேன். பிறந்த தேதி ஜூனில். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது பள்ளியில் போட்ட தேதி. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்துக்கு அது போதும். பள்ளிச் சான்று இருந்தால் எலும்புப் பரிசோதனை தேவையில்லை. ஆக, யாரோ ஒரு வாத்தியார் குத்துமதிப்பாக எழுதிய நாளில் அவனுக்கு 18 முடிகிறது. இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். என் மகனுக்கு 20. அவன் சாப்பிட்ட தட்டை இன்னும் நான்தான் கழுவுகிறேன்.

ஏப்ரல் 24
வார்டனிடம் கேட்டுக்கொண்டு அவனைத் திருமயம் கோட்டைக்கு அழைத்துப் போனேன். ராமநாதபுரம் சேதுபதி 1687-இல் கட்டியது. மேலே பீரங்கியடியில் நல்ல காற்று. பயத்தைப் பற்றிப் பேச்சை எடுக்கலாம் என்று காத்திருந்தேன்.

"மிஸ், ஆதார்ல ஹோம் அட்ரஸ்தான் இருக்கு. போனப்புறம் எத போடுறது?"

மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வந்தவளிடம் முகவரி கேட்கிறான்.

மே 3
இன்று கத்தினான். "நீங்களும் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிருவீங்கல்ல!" போகத்தான் செய்தேன். பைரவர் கோயிலில் பஸ் நின்றது. டிரைவர் கும்பிட்டுவிட்டு வருவதற்குள் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. இறங்கவில்லை.

மே 6
மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் பார்த்தார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாமாம்.

மே 15
நல்ல நாள். 21 வயதுவரை பிற்காப்பு உதவி உண்டு, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் என்று சொன்னேன். வாடகை, சாப்பாடு, பஸ் என விரல்விட்டு எண்ணினான். "அட்வான்ஸ் யாரு தருவா?" என்று கேட்டுவிட்டு நாலு தோசை சாப்பிட்டான்.

திரும்பும்போது முத்துலட்சுமி ரெட்டியின் நினைப்பு. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னையில் அடைக்கலம் தேடி வந்த பெண்களைத் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. படிவம், பரிந்துரை என்று அவர் காத்திருக்கவில்லை. நான்? வீட்டில் பேச்சைக்கூட எடுக்கவில்லை.

மே 16
எடுக்கவில்லை.

மே 28
பிற்காப்பு உதவி விண்ணப்பம் மாவட்டத்துக்குப் போயிருக்கிறது. பதில் இல்லை. சின்னவனுக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுக்கிறான்.

புதுக்கோட்டைப் பக்கம் சின்னதாக ஓர் அறை வேண்டும். அட்வான்ஸுக்குக் கொஞ்சம் பொறுத்து, ஆதாரில் தன் வீட்டு முகவரியைப் போட்டுக்கொள்ளச் சம்மதிக்கும் வீட்டுக்காரர் வேண்டும். தெரிந்தால் சொல்லுங்கள்.