வாடகை இல்லாத இடம்

"எங்க ஊர்லயும் மனு எழுதித் தர்ற குழு ஒண்ணு ஆரம்பிக்கணும் சார், இடம்தான் கிடைக்கல" என்று மூன்று பேர் உள்பெட்டியில் கேட்டிருந்தார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் குழுவில் ஆறு பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நால்வர், ஒரு தபால்காரர், ஒரு செவிலியர். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், சாதிச் சான்று, வாரிசுச் சான்று என்று எதற்கு விண்ணப்பம் வேண்டுமானாலும் பூர்த்தி செய்து தருவோம். காசு வாங்குவதில்லை. அதனால் வாடகை கொடுக்கவும் வழியில்லை.

முதலில் கிடைத்தது ஒரு கல்யாண மண்டபம். பொறுப்பில் இருந்தவர் என் பழைய மாணவர். "ஞாயித்துக்கிழமை சும்மாதான் கெடக்கு, எடுத்துக்கங்க சார்" என்றார். மின்விசிறி, நாற்காலி, கழிப்பறை எல்லாம் உண்டு. இரண்டு வாரம் நன்றாகவே நடந்தது. ஆனால் காலனியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. உதவித்தொகைக்கு அதிகம் அலைபவர்களே அவர்கள்தான். மூன்றாவது வாரம் ஒரு அம்மா ரேஷன் கார்டோடு கேட் அருகே நின்றுகொண்டிருந்தார். "உள்ள வாங்கம்மா" என்றேன். "இருக்கட்டும் சார், நீங்க வெளிய வரும்போது கேட்டுக்கறேன்" என்றார். அந்த மண்டபம் ஒரு சமூகத்துக்குச் சொந்தமானது. வரக்கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. அடுத்த வாரமே நன்றி சொல்லி, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். என் மாணவருக்கு வருத்தம்தான்.

ஒரு கட்சி அலுவலகத்தில் இடம் தந்தார்கள். கொடி கட்டிய வாசலில் மற்ற கட்சிக்காரர் வீட்டுப் பெண்கள் ஏறமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியருக்கு மனமிருந்தது. ஆனால் விடுமுறை நாளில் திறந்து மூட ஆளில்லை, ஏதாவது நடந்தால் அவர் தலை உருளும். ஒரு நண்பர் மொட்டைமாடியைக் கொடுத்தார். மூட்டுவலிக்காரர்கள் எப்படி ஏறுவார்கள்?

கடைசியில் கிளை நூலகத்துக்குப் போனோம். நூலகர் தயங்கினார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சத்தம் தொந்தரவாகுமே என்ற கவலை. நியாயம்தான். முன் வராந்தாவில், ஞாயிறு காலை 10 முதல் 12 வரை மட்டும் என்று பேசி, மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கினோம். நாங்கள் ஆறு பேரும் தலைக்கு 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆனோம். முடிந்ததும் வராந்தாவைக் கூட்டிப் பெருக்கி, பெஞ்சைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். எதிர்பாராத லாபம் ஒன்று: இணையத்தில் பதிய வேண்டிய விண்ணப்பம் என்றால், படிக்க வந்த பிள்ளைகளே எழுந்து வந்து செல்போனில் போட்டுத் தருகிறார்கள்.

நூலகத்தில் இடம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் நம்முடையது, 1948-இல் வந்தது. நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகப் போகிறது. காலனியில் சின்ன வீட்டுக்கு வரி கட்டுகிறவரும் அதைக் கட்டுகிறார். கேட் அருகே நின்ற அந்த அம்மா இங்கே நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு மாதம் 1,200 ரூபாய் வரத் தொடங்கிவிட்டது.

இடம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தரைத்தளமா, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, பஸ் நிறுத்தம் பக்கமா என்று பாருங்கள். கூடவே, அந்த வாசலில் யார் ஏறத் தயங்குவார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். இடம் கொடுப்பவரிடம் கேட்டால் பதில் கிடைக்காது. வரவேண்டியவர்களின் தெருவுக்கே போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடம் மரத்தடியாக இருந்தாலும் சரி, அங்கேயே ஆரம்பியுங்கள்.