நுனியில் நின்ற காலம்

விரிந்த கூந்தலோடு மதுரையை எரித்த கண்ணகிக்கு வைகாசியில் குளிர்த்தி செய்யும் மட்டக்களப்பு வாவிக்கரையில், கூந்தல் வெறும் அழகன்று. அங்கு ஆசிரியை ஒருத்தி, தானே பூசிய சாயத்தால் நைந்த தன் கூந்தலை ஒட்ட வெட்டிவிட மறுத்தாள். தோலுக்கு வெளியே வந்த மயிருக்கு உயிரில்லை. நைந்ததை எவ்வெண்ணெயும் மீட்டுத் தராது என்பதை அவள் அறிவாள். ஆயினும், மயிர் மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றரே வளரும். அவளது 60 சென்ரிமீற்றர் நீளக் கூந்தலின் நுனி 5 ஆண்டுகளுக்கு முன் முளைத்தது. அன்று அதற்கு எண்ணெய் தேய்த்த தாய் இன்றில்லை.

ஆகவே, மாதந்தோறும் வளர்ந்த அளவே நுனியிற் கத்தரிக்கின்றாள். நீளம் குறையாது, சாயம் மெல்ல அகலும். தாய் தொட்ட மயிரும் ஒருநாள் அகன்றுவிடும். பின்னல் மட்டும் தாய் பழக்கிய முறையிலேயே நிற்கும்.