இரண்டு கொடிகள், ஒரு குடும்பம்

தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் ஓய்வு பெற்ற சிப்பாய் ஒருவரைக் கண்டால், அவர் பர்மாவையோ காஷ்மீரத்தையோ பற்றிப் பேசக் கேட்கலாம். புதுச்சேரியிலோ, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் கிழவர், சைகோனையும் ஹனோயையும் அல்ஜீரியாவின் மலைகளையும், ஏதோ வில்லியனூரையும் பாகூரையும் சொல்வதுபோல் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்து உபகாரச் சம்பளத்துடன் ஊர் திரும்பிய இவர்களைச் ‘சொல்தா’ என்று அழைப்பது எங்கள் ஊர் வழக்கம். அவர்களுள் ஒருவர் எங்கள் தெருவில் வாழ்ந்து மறைந்தார். பெரியவர்களுக்கு அவர் சொல்தா ஐயா. எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குச் சொல்தா தாத்தா.

இந்தப் பரம்பரை நேற்று முளைத்ததன்று. ஆங்கிலேய சர்க்காரின் கண்ணுக்குத் தப்பிப் பாரதியாரும் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இவ்வூரில் அடைக்கலம் புகுந்திருந்த அதே காலத்தில்தான், 1914இல் மூண்ட மகா யுத்தத்துக்காக இவ்வூர் வாலிபர்கள் சிலர் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார்கள். சுதந்தரத்தைத் தேடி வந்தவர்களும் பிறநாட்டுக் கொடிக்காகப் போனவர்களும் ஒரே வீதிகளில் நடந்திருக்கிறார்கள். போய்த் திரும்பாதவர்களின் ஞாபகார்த்தமாகவே கடற்கரைச் சாலையில் அந்த யுத்த ஸ்மாரகம் நிற்கிறது. பிறகு 1940இல், பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்துவிட்ட நிலையில், கவர்னர் போன்வேன், போரைத் தொடர முனைந்த ஜெனரல் தெகோலின் கட்சியில் சேர்ந்தபோது, இந்தச் சின்னஞ்சிறு ஊரும் இரண்டாவது மகா யுத்தத்தில் அவர் பக்கம் நின்றது.

சொல்தா தாத்தா பட்டாளத்தில் சேர்ந்தது வீரப் பிரதாபத்தை நாடி அன்று. தகப்பனார் அகாலத்தில் காலமாகிவிட, கலியாணத்துக்கு நின்ற தங்கைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பியும் தம் முகத்தையே பார்த்திருக்க, மாதம் பிறந்தால் தவறாமல் கிடைக்கும் சம்பளம் பட்டாளத்தில் அல்லாமல் வேறெங்கும் அகப்படாத காரணத்தால், அவர் ஐம்பதுகளின் தொடக்கத்தில் கையெழுத்துப் போட்டு இந்தோசீனாவுக்குப் போனார்.

அதற்குப் பின் நிகழ்ந்தவற்றைச் சரித்திரத்தின் விளையாட்டு என்றே சொல்ல வேண்டும். 1954ஆம் வருஷம் மே மாதம் 7ஆம் தேதி இந்தோசீனாவின் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அதே வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி புதுச்சேரியைச் சேர்ந்த கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்குச் சம்மதித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. புதுச்சேரியில் மூவர்ணக் கொடி ஏறிய அந்த நாளிலேதான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. சொந்த ஊர் விடுதலை பெற்றுவிட்டது. சொல்தா தாத்தாவோ, விடுதலை வேண்டி எழுந்த வேறொரு ஜனத்துக்கு எதிரில் துப்பாக்கி பிடித்து நிற்க அனுப்பப்பட்டார். இதைப் பற்றி ஒரு முறை நான் துணிந்து கேட்டபோது, “அவங்களும் அவங்க ஊருக்காகத்தானேப்பா சண்ட போட்டாங்க” என்று ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டார். சாக்குப்போக்கும் சொல்லவில்லை, சாகசக் கதையும் சொல்லவில்லை.

1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்தரம் பெற்றது. ஆகஸ்டு 16இல் புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவின் பாகமாயிற்று. பிரெஞ்சுப் பிரஜைகளாகவே நீடிக்க விரும்பும் ஊர்வாசிகள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இரு நாட்டு உடன்படிக்கை சொல்லியது; ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அவ்வாறு எழுதிக் கொடுத்தார்கள். சொல்தா தாத்தாவின் குடும்பமும் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருந்துவிட்டது. “பிரெஞ்சுப் பணம், நோகாமல் சாப்பிடுகிறார்கள்” என்று ஊரில் சிலர் பேசுவதுண்டு. இளமை முழுவதையும் அன்னிய மண்ணில் கொடுத்து வாங்கிய கூலி அது என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அந்தக் கூலி என்ன ஆயிற்று என்பதை நான் பார்த்திருக்கிறேன். பணம் வந்த தினத்தில் அதைத் தாம்பாளத்தில் வைத்து மனைவியிடம் கொடுப்பார். அம்மாள் தொட்டுத் திருப்பித் தந்ததும், பழைய தபால் உறைகளை வரிசையாகப் பரப்பி, அரிசிக் கடை, பால், பேரன் பள்ளிச் சம்பளம், கைம்பெண்ணான தங்கையின் வீட்டு வாடகை என்று பென்சிலால் எழுதிப் பங்கிட்டு வைப்பார். கடைசி உறை அவருடைய சொந்தச் செலவுக்கு. மூக்குப்பொடியும், பெத்தாங்க் என்னும் பிரெஞ்சு இரும்புக்குண்டு ஆட்டத்துக்கான சந்தாவும் அதில் அடக்கம். மாதக் கடைசியில் மற்ற உறைகள் கடன் வாங்கியதெல்லாம் அந்த உறையிடமிருந்துதான்.

பிற்காலத்தில் அம்மாளைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளிவிட்டது. பட்டாளத்தில் அதிகாரி வந்து பார்வையிடும்போது விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் தண்டனை உண்டாம். அந்த அப்பியாசம் இப்போது வேறு விதமாகப் பயன்பட்டது. துளி மடிப்பும் இல்லாமல் விரிப்பை இழுத்துச் செருகி, இரண்டு மணிக்கொரு தரம் அம்மாளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகில் பவுடர் போட்டு, விடியற்காலையில் கஞ்சி காய்ச்சி, தலைக்கு எண்ணெய் தடவிப் பின்னல் போட்டுவிடுவார். வருஷக்கணக்கில் கிடந்தும் அம்மாளுக்குப் படுக்கைப் புண் வரவில்லை. வைத்தியரே வியந்து போனார்.

வருஷந்தோறும், முதல் மகா யுத்தம் ஓய்ந்த நாளான நவம்பர் 11ஆம் தேதி, அந்துருண்டை வாசனை வீசும் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு ஸ்மாரகத்துக்குப் போவார். இரு நாட்டுக் கீதங்களும் அங்கே ஒலிக்கும். இரண்டுக்கும் ஒரே விறைப்போடு நிற்பார். அம்மாள் படுத்த பிறகு, சடங்கு முடிந்த கையோடு, விருந்துக்கு நிற்காமல் வீடு திரும்பிவிடுவார்.

அவர் ஊழியம் செய்த யுத்தங்களை நான் நியாயப்படுத்த மாட்டேன், அவரும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு மனிதனுடைய கர்த்தவ்யத்தை, அவன் எந்தக் கொடியின் கீழ் நின்றான் என்பதை மட்டும் கொண்டு அளப்பது முறையாகாது. பட்டாளத்தில் கற்ற ஒழுங்கையும் சிரத்தையையும் சமையலறைக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் கொண்டுவந்த கிருகஸ்தர் அவர். என் கணக்கில் அதுவே அவர் பெற்ற பதக்கம்.

இந்தோசீனா சென்று மீண்டவர்கள் இன்று மிகச் சிலரே. புதுச்சேரி வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் சொல்தா ஒருவரின் தகரப் பெட்டி இருந்தால், அதிலுள்ள கடிதங்களையும் சேவைப் புத்தகத்தையும் பழைய காகிதக்காரனுக்குப் போடுமுன் ஒரு முறை படித்துப் பாருங்கள். பெட்டிக்கு உரியவர் உயிரோடிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.